பையோடு பாலம் கடந்தவன்

குசினிக்குள், சட்டி பானைகளுக்கு நடுவே, எதுவோ உருண்டது. பிளாஸ்டிக் வாளி சீமெந்துத் தரையில் துள்ளி விழும் சத்தம். அடுத்து, தண்ணீர் பரவும் சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை.

விறாந்தையில், கழற்றிப் போட்ட மின்விசிறிகளின் நடுவே உட்கார்ந்திருந்த ஜொய்சன் காதைக் கூர்மையாக்கினான். விரல்களுக்கிடையில் செப்புக் கம்பி இருந்தது. பாதி சுற்றிய கம்பியை விட்டுவிட்டு எழுந்தால் சுற்றியதெல்லாம் தளர்ந்து போகும். அழுகை கேட்டால் எழும்பலாம் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அழுகைக்குக்கூட அவ்வளவு பயப்படத் தேவையில்லை. சத்தமில்லாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

"மதுஷா! உள்ளுக்கு என்னகா சத்தம்?"

"ஒண்டுமில்லப்பா," என்றாள் மூத்தவள், முன்னறையிலிருந்து. "பிறின்ஸ் குளம் கட்டுறான்."

ஜொய்சன் கம்பியை விட்டான். அது சுருண்டு சுருண்டு அவிழ்ந்ததைப் பார்க்க மனமில்லாமல் உள்ளே போனான்.

குசினித் தரை முழுவதும் தண்ணீர். அதில் ஐந்து வயது பிறின்ஸும், மூன்று வயது நிரம்பாத அனோஜியும் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தார்கள். காலையில் வெயிலில் வரிசையில் நின்று பவுசர் வண்டியிலிருந்து பிடித்து வந்த குடிதண்ணீர் அது. நாளை மறுநாள்தான் பவுசர் இனி வரும்.

"வாங்கப்பா, நீங்களும் படுங்க. நல்ல குளிர்," என்று அழைத்தான் மகன்.

அடிக்க வேண்டும் என்றுதான் ஜொய்சன் நினைத்தான். கை எழும்பவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா? அவன் அப்படியே சுவரில் சாய்ந்து, ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்தது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கண்ணை மூடினான்.

உடனே ஒரு சின்ன ஈர விரல் அவன் இமையைப் பிடித்து மேலே தூக்கியது. அனோஜி. அவள் முகம் மூக்கோடு மூக்காக நின்றது. கண்ணுக்குள் அப்பா இருக்கிறாரா என்று பார்த்தாள். இருந்தார். திருப்தியாகத் திரும்பிப் போய்த் தண்ணீரில் படுத்துக்கொண்டாள்.

தாய் போன நாளிலிருந்து இதுதான் அவள் பழக்கம். கண்ணை மூடிக் கிடப்பவர் எவராக இருந்தாலும் திறந்து பார்ப்பாள். பகல் என்றில்லை, இரவென்றில்லை. அந்த வீட்டில் ஜொய்சன் முழுதாக ஒரு நித்திரை கொண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஜொய்சனின் வாழ்க்கையைச் சொல்லப்போனால் அது ஒரு பயணப் பைக்குள் அடங்கிவிடும். ஆயித்தியமலையில் பிறந்தான். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, அக்காதான் வளர்த்தாள். மட்டக்களப்பு ரவுணுக்கு வந்து ஒரு கடையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றப் பழகினான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக் குழுவில் நின்ற றொசானியைப் பார்த்தான். இரண்டு மழைக்காலம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூன்றாவது மழைக்காலத்தில், நாலு சேட்டும் இரண்டு சாரமும் ஒரு மாதா படமும் வைத்த பயணப் பையோடு, வாவிக்கரையிலிருந்த அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் குடிவந்தான்.

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு, பெண்ணுக்கு அவளைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பது. அதில் ஆண் எத்தனை வருடம் இருந்தாலும், எத்தனை முறை கூரை மாற்றினாலும், சுவருக்கு எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும், அது அவள் வீடுதான். அவள் இறந்துபோனால் அவன் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு அக்கா தங்கை வீட்டுக்குத் திரும்பிப் போவான். பிள்ளைகள் தாயின் சகோதரிகளிடம் நிற்பார்கள். இதற்குச் சட்டமில்லை. யாரும் "போ" என்று சொல்வதுமில்லை. எப்போது போவான் என்று எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

போன மாரியில் றொசானிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை தலையிடி என்று படுத்தவள், அடுத்த புதன்கிழமை பெட்டியில் வீடு வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. ஜொய்சன் போகவில்லை. தவக்காலம் வந்தது, ஈஸ்டர் வந்தது. போகவில்லை. பள்ளிக்கூடம் இருந்த வரை எப்படியோ நாட்கள் நகர்ந்தன. மதுஷாவும் பிறின்ஸும் பள்ளிக்குப் போவார்கள். சின்னவள் பக்கத்தில் விளையாடுவாள். அவன் வேலை பார்ப்பான். ஓகஸ்ட் விடுமுறை விட்டதும் எல்லாம் குலைந்தது.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. மேற்கிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. வாவி சுருங்கி, கரையில் சேறு வெடித்து, கிணற்றுத் தண்ணீர் கண்ணீர்போல உப்பாகிவிட்டது. ஊரிலுள்ள மின்விசிறியெல்லாம் இரவு பகலாகச் சுழன்று எரிந்து அவன் விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை வெக்கையில் அழுதது. "அண்ணன், இண்டைக்கே வேணும்" என்று ஒவ்வொருவரும் கெஞ்சினார்கள். சமைப்பது, ஊட்டுவது, வேர்க்குருவுக்குப் பவுடர் போடுவது, சண்டை தீர்ப்பது, இதற்கிடையில் கம்பி சுற்றுவது. பாதியில் எழும்புவது, அவிழ்வது, திரும்பவும் சுற்றுவது. அவன் சுற்றியது கம்பியை மட்டும் அல்ல.

உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிள்ளைகளின் உடுப்பைப் பவுசர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அலசினான். கிறீஸும் வேர்வையும் ஊறிய தன் உடுப்புகளுக்கு வழியில்லை. அவை பலகைபோல விறைத்து நாற்றமடித்தன. ஆயித்தியமலையில் அக்கா வீட்டுப் பின்னால் உன்னிச்சை வாய்க்கால் ஓடுகிறது, நல்ல தண்ணீர். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடுத்த ஒழுங்கையில் இருந்த ஞானமலரிடம் விட்டான். ஞானமலர் றொசானியின் மூத்த அக்கா. பிறகு வீட்டுக்கு வந்து, தன் உடுப்பு முழுவதையும் அந்தப் பழைய பயணப் பையில் திணித்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

வலையிறவுப் பாலத்தில் றொசானியின் மாமா சைக்கிளில் எதிரே வந்தார். பையைப் பார்த்தார்.

"எங்க தம்பி?"

"அக்கா வீட்ட, மாமா," என்றான் ஜொய்சன்.

கிழவர் சைக்கிளை விட்டு இறங்கி, அவன் கையைப் பிடித்து, கண் கலங்க, "கடவுள் துணை, மனே" என்றார். பாவம், வயது போனவர், வெயிலில் கண் எரிகிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டு அவன் போய்விட்டான்.

அன்று பின்னேரமே திரும்பியிருக்க வேண்டும். அக்கா சோறு போட்டாள். மரத்தடியில் பாய் விரித்தாள். வாய்க்கால் சலசலத்தது. யாரும் அவன் வயிற்றில் கால் போடவில்லை, இமையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஜொய்சன் செத்தவன்போல நித்திரை கொண்டான். அக்கா அவனை எழுப்ப மனம் வராமல் ஞானமலருக்குப் போன் பண்ணி, "தம்பி இஞ்சதான் நிக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தபோது, ஞானமலர் அவனை ஒருவிதமாகப் பார்த்தாள். "என்ன அவசரம் மச்சான், நிண்டுட்டு வரட்டுமே" என்றாள். நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டான். உடுப்புகள் அக்காவிடமே இருந்தன. துவைத்துக் காயவைத்து சனிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

"ஆர் வீட்டில?"

வாசலில் ஞானமலரின் குரல். ஜொய்சன் ஈரத்திலிருந்து அவசரமாக எழும்பினான். அவள் ஒரு சட்டியை முந்தானையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பதைத் தொட்ட, பாரமான உடம்பு. வெயிலில் நடந்ததில் மூச்சு வாங்கியது. குசினியை எட்டிப் பார்த்து, தலையில் கை வைத்தாள்.

"என்னடா இது, வாவியக் கொண்டு வந்து வீட்டுக்க விட்டிரிக்கீங்க? எழும்படா பிறின்ஸ்! எருமைக்கண்டு மாதிரிக் கிடக்கிறான்."

"நான் முதலை," என்றான் பிறின்ஸ்.

"முதலையா? வாலப் புடிச்சு இழுக்கவா?"

இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித் துடைத்து, சட்டை மாட்டி, முன்னறைக்கு அனுப்பிவிட்டாள். ஜொய்சனுக்கு அரைமணி நேரம் பிடிக்கிற வேலை. பிறகு கதிரையில் உட்கார்ந்து, அறையின் குறுக்கே கட்டியிருந்த உடுப்புக் கொடியை நிமிர்ந்து பார்த்தாள். அதில் சின்னச் சட்டைகள் மட்டுமே தொங்கின.

"மணலை மீன் கறி கொண்டு வந்தன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுகா எப்ப மச்சான் போறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க மச்சாள்?"

"என்னட்ட மறைக்க என்ன கிடக்கு? மாமா பாலத்தில கண்டவராம். பைய அக்கா வீட்ட வெச்சிட்டு, கையில உள்ள வேலைய முடிக்கத்தானே வந்து நிக்கிறீங்க? நான் ஒரு வார்த்த பிழையாச் சொல்லல்ல. இவ்வளவு நாள் நிண்டதே பெரிய விசயம் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க."

ஜொய்சனுக்குக் கிழவரின் கலங்கிய கண் அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தான், "அது அழுக்கு உடுப்பு மச்சாள்" என்று சொல்ல. ஆனால் அதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"உங்களக் குறை சொல்ல ஏலாது. ஆம்புள ஒராள் இவ்வளவு செய்வாரா? இந்தக் கொஞ்ச மாசத்தில முகத்தப் பாருங்க, கிழவன் மாதிரி. எனக்கும் மகன் கட்டாருக்குப் போன பிறகு வீடு வெறிச்சுக் கிடக்கு. மூண்டையும் நான் பாக்கிறன். எங்கட அவரும் ஓமெண்டிட்டார். இந்த வீட்டப் பூட்டி வைப்பம். மதுஷாக்கு வயசு வரக்குள்ள திறந்து குடுப்பம். திறப்ப என்னட்டத் தாங்க. நீங்க அக்காட்ட போய் நிம்மதியாப் படுங்க மச்சான். ஞாயிற்றுக்கிழமையில வந்து புள்ளைகளப் பாருங்க."

படுங்க. அந்த ஒரு சொல் ஜொய்சனை அடித்துப் போட்டது. மரத்தடிப் பாயும் வாய்க்கால் சத்தமும் கண் முன் வந்தன. திங்கட்கிழமை காலை அங்கே கண் விழித்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், தனக்குப் பிள்ளைகள் இருப்பதே அவனுக்கு நினைவில் இருக்கவில்லை. எவ்வளவு லேசாக இருந்தது அந்தக் கணம்! அதை நினைத்து மோட்டார் சைக்கிளில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்திருந்தான். இப்போது அதே லேசு, ஒரு சட்டி மீன் கறியோடு வீடு தேடி வந்து கதிரையில் இருக்கிறது. யாரும் அவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஊர் வழக்கம் அது. ஞானமலர் பிள்ளைகளைப் பட்டினி போடவும் மாட்டாள்.

அழுக்கு உடுப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை. திறப்பு யன்னலோரத்து ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தலை அவனை அறியாமல் மெல்ல அசைந்தது, ஆம் என்பதுபோல.

அப்போது முன்னறை வாசலில் மதுஷா வந்து நின்றாள். எட்டு வயது. தாயின் அதே பெரிய கண்கள். இடுப்பில் அனோஜியைத் தூக்கி வைத்திருந்தாள். பாரம் தாங்காமல் உடம்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"பெரியம்மா," என்றாள், பெரிய மனுசிபோல. "பிறின்ஸ் விடியக்குள்ள ஒருக்கா எழும்புவான். வெளிய கொண்டு போகாட்டிப் பாய நனைச்சிருவான். நான் கொண்டு போறன், நீங்க எழும்பத் தேவையில்ல. தங்கச்சிக்கு முதுகில தட்டினாத்தான் நித்திரை வரும். அதையும் நான் தட்டுவன். மீன் முள்ளு எடுக்க எனக்குத் தெரியும். நீங்க சோறு மட்டும் ஆக்கித் தாங்க."

"ஆரு புள்ள உனக்கு இதெல்லாம் சொன்ன?" என்றான் ஜொய்சன்.

"ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சொன்னா, நீங்க மாமி வீட்ட போயிட்டீங்க எண்டு. இனி வரமாட்டீங்க எண்டு. மறுகா வந்தீங்க. நான் கேக்கல்ல." அவள் தங்கையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க களைச்சுப் போனீங்கதானே அப்பா. போங்க. நான் பாத்துக்குவன்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் குரலில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது: சலிப்பு. அவனுடைய சலிப்புதான். கடந்த திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பிள்ளை, அப்பா எப்போது போவார் என்று பார்த்துக்கொண்டே, ஒன்றும் கேட்காமல், போன பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் மனதுக்குள் எண்ணிப் பழகியிருக்கிறது. தான் இறக்கி வைக்கிற சுமை தரையில் விழாது, அந்தச் சரிந்த சின்ன இடுப்பில்தான் போய் ஏறும் என்று ஜொய்சனுக்குப் புரிந்தது.

போய் அனோஜியை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"மச்சாள், திறப்பு தர ஏலாது. நான் எங்கயும் போகல்ல. அந்தப் பைக்குள்ள கிடந்தது அழுக்கு உடுப்பு. கிணத்தில உப்பு, அங்க நல்ல தண்ணி. அவ்வளவுதான்."

ஞானமலர் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

"அழுக்கு உடுப்பா?"

"ஓம்."

"ஊரெல்லாம் சொல்லி அழுதிரிக்கன் நான்! பூசை வைக்கிற சுவாமியிட்டயும் சொல்லிட்டன்!" வெட்கமும் கோபமுமாக அவள் முகம் சிவந்தது. "சரி, உடுப்பு அழுக்கெண்டே வைப்பம். இப்ப தலையாட்டினீங்களே, அது?"

ஜொய்சன் தலையைக் குனிந்தான். "அது உண்மதான். ஆட்டினன். படுக்க ஆசையாக் கிடந்திச்சு."

"பாத்தீங்களா! இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு நீங்க போவீங்க. பொம்புள இல்லாத வீட்டில ரெண்டு பொம்புளப் புள்ளைகள். என்னத்தான் கேப்பாங்க, தங்கச்சிட புள்ளைகள விட்டுட்டுச் சும்மா இருந்தாள் எண்டு. சொல்றன் எண்டு குறை நினைக்காதீங்க மச்சான், இது எங்கட தங்கச்சிட வீடு. எந்த உரிமையில இருப்பீங்க?"

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மனதில் இருந்தாலும் ஒருவரும் இதுவரை சொல்லாத வார்த்தை அது. ஜொய்சன் கோபப்படவில்லை. அவள் சொன்னது சரி. றொசானி போனபின் வீடு அவள் மகளுக்கு. அவன் மதுஷாவின் முன்னால் முழங்காலில் இருந்தான்.

"மகள், இது இப்ப உன்ட வீடு. நான் இஞ்ச இருக்கட்டா?"

பிள்ளை பெரியம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. இது விளையாட்டா, உண்மையா என்று தெரியவில்லை. கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

"இருங்க," என்றாள். "ஆனா நீங்க தலை பின்னினா நோகும். தலை பெரியம்மாதான் பின்னணும்." அதற்கு மேல் தாங்காமல் ஓவென்று அழுது, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். றொசானியின் பெட்டியை மூடியபோதுகூட அழாத பிள்ளை. எதற்கென்று தெரியாமல் அனோஜியும் சேர்ந்து அழுதாள். முன்னறையிலிருந்து ஓடிவந்த பிறின்ஸ், "ஆர் அடிச்ச?" என்று அதட்டினான்.

ஞானமலர் அழவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"நல்லா நடிக்கிறீங்க அப்பனும் மகளும்," என்றாள். "தலை பின்ன மட்டும் நான். ம்? சம்பளம் இல்லாத வேலைக்காரி."

"குறை நினைக்காதீங்க மச்சாள்."

"நினைப்பன். ஏன் நினைக்கப்படாது? மூண்டு பாய் வாங்கி வெச்சிரிக்கன், மூண்டு கோப்பை வாங்கி வெச்சிரிக்கன். இனி அதுகளப் பாத்துக்கொண்டு நான் இருக்கணும்." வாசலை நோக்கி நடந்தவள் திரும்பினாள். "நீங்க காய்ச்சல் கீய்ச்சல் எண்டு விழுந்து படுத்தா என்னட்ட ஆள் அனுப்பப்படாது. சொல்லிட்டன். வரமாட்டன்."

"வருவீங்க."

"வருவன்தான்," என்று சீறினாள். "அதாலதான் எனக்குக் கோவம்."

விறாந்தையில் கிடந்த மின்விசிறிகளைக் காலால் ஒதுக்கி, வழி எடுத்துக்கொண்டு இறங்கினாள். செருப்பைத் தேடி மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த நெருப்பு வெயிலில் தன் பாரமான உடம்பைச் சுமந்து ஒழுங்கையில் நடந்தாள். அவள் தோள்கள் குலுங்குவதை ஜொய்சன் வாசலில் நின்று பார்த்தான். கூப்பிட நினைத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? அவள் வீட்டில் இல்லாத பிள்ளைகள் அவன் வீட்டில் இருக்கிறார்கள். அவனுக்கு இல்லாத ஓய்வு அவளுக்கு நிறைய இருக்கிறது. ஒருவருக்கொருவர் கொடுத்து மாற்றிக்கொள்ளக்கூடியதாக அது இருக்கவில்லை.

உள்ளே பிறின்ஸ் பசி என்றான். அனோஜியின் மூக்கு ஜொய்சனின் தோளில் ஒழுகியது. சுற்ற வேண்டிய கம்பி அவிழ்ந்து கிடந்தது. இன்றிரவும் நித்திரை இல்லை, நாளையும் இல்லை. விடுமுறை முடிய இன்னும் எவ்வளவோ கிடந்தது.

ஞானமலர் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தாள். கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வாசல் வரை வந்தது. ஜொய்சன் கதவைச் சாத்தினான்.